உலகக் கோப்பை அமெரிக்காவில்: போவதா, இங்கேயே கண் விழிப்பதா?

நியூஜெர்சியில் குடித்தனம் நடத்திவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்கள் வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் ஏராளம். நானும் அதில் ஒருவன். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வழக்கமாக ஸ்கூல் ஃபீஸ், தண்ணி லாரி, பெற்றோருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்றுதான் பேச்சு ஓடும். இந்த வருஷம் பொங்கல் முடிந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஜூன் 11-ல் ஃபுட்பால் உலகக் கோப்பை தொடங்குகிறது. ஜூலை 19-ல் ஃபைனல், அதுவும் நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். நம்மில் பாதிப் பேர் ஆபீஸ் போகிற வழியில் தினம் தாண்டிப் போன இடம். யார் யார் கிளம்புகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அதற்கு இன்றுவரை ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து யோசனைகள் அடிபட்டன. அமெரிக்காவுக்கே போய்ப் பார்ப்பது. அமெரிக்காவை விட்டுவிட்டுக் கனடாவிலோ மெக்சிகோவிலோ பார்ப்பது. வீட்டு டிவி. ஊரோடு சேர்ந்து பெரிய திரை. கடைசியாக, அந்த நாடு இப்போது நடந்துகொள்கிற லட்சணத்துக்குப் பார்க்கவே வேண்டாம் என்பது. எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை, சிலவற்றைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம்.

பணக்கணக்குக்கு முன்னால் மனக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அங்கே பத்து வருஷத்துக்கு மேல் இருந்தோம், எச்1பி என்ற வேலை விசாவில். வேலை மூலம் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கிற கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பு இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவர்கள் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் அதே 7 சதவீதம்தான். அந்த வரிசையில் நின்று பார்த்தோம், போதும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டோம். யாரும் விரட்டவில்லை. மூத்தவள் அங்கே பிறந்தவள், அமெரிக்கப் பாஸ்போர்ட். சின்னவன் இங்கே பிறந்தவன். ஒரே பீரோவில் இரண்டு நிறப் பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் செய்தியில் வந்ததுதான். 2025 ஜனவரியில், அங்கே தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று ஓர் உத்தரவு வந்து, உடனே கோர்ட்டுக்குப் போனது. அந்த உத்தரவு நாங்கள் இருந்த காலத்தில் வந்து அமலாகியிருந்தால் என் மகளுக்கு அந்தப் பாஸ்போர்ட் கிடைத்திருக்காது. 2025 செப்டம்பரில் புது எச்1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றார்கள். அந்த வாரக் கடைசியில், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய சகாக்கள், கட்டணம் தங்களையும் பிடித்துவிடுமோ என்று பயந்து ஏர்போர்ட்டுக்கு ஓடியதை எங்கள் குழுவிலேயே நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்தோம். எங்களை இதெல்லாம் தொடாது. திரும்பி வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு நிம்மதி, அப்படி நினைக்கிறோமே என்று கூடவே ஒரு கூச்சம். வருஷக்கணக்காகக் குடியிருந்துவிட்டுக் காலி செய்த வாடகை வீட்டில் யாரோ தடபுடலாகக் கல்யாணம் நடத்துகிறார்கள். நமக்குப் பத்திரிகை வரவில்லை, ஆனால் எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்பது நமக்குத்தான் தெரியும். மனநிலை ஏறக்குறைய அதுதான்.

போய்ப் பார்ப்பது

முதலில் டிக்கெட். இந்தத் தடவை 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகளில் 16 நகரங்கள். ஆட்டம் இத்தனை அதிகம் என்பதால் டிக்கெட் மலிவாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. விமான டிக்கெட் மாதிரி, கேட்பவர் கூடக் கூட விலையும் ஏறுகிற முறையை, போட்டியை நடத்துகிற உலக ஃபுட்பால் சம்மேளனமான ஃபிஃபா கொண்டுவந்துவிட்டது. 2018-ல் மூன்று நாடுகளும் இந்தப் போட்டியை நடத்தும் உரிமையைக் கேட்டபோது கொடுத்த ஆவணத்தில் ஃபைனலின் மிக உயர்ந்த டிக்கெட்டே 1,550 டாலர் என்று காட்டியிருந்தார்கள். 2025 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது ஃபைனலுக்குப் பொதுமக்கள் வாங்கக்கூடிய மிகக் குறைந்த விலை 4,185 டாலர், உயர்ந்தது 8,680. டாலருக்குத் தொண்ணூறு ரூபாய் என்று வைத்தாலும் ஓர் ஆளுக்கு, கடைசி வரிசை நாற்காலிக்கு, மூணே முக்கால் லட்சம். ஐரோப்பாவில் ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினார்கள். அது தகுதி பெற்ற நாடுகளின் ஃபுட்பால் சம்மேளனங்கள் வழியாக அவரவர் ரசிகர்களுக்குத்தான். இந்தியா ஆடவில்லை, ஆகவே நமக்கு அந்த வாசல் கிடையாது. மறுவிற்பனையில் வாங்கலாமே என்பீர்கள். ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்திலேயே வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள். தி.நகர் வீட்டு புரோக்கர்கூட ஒரு மாச வாடகையோடு விட்டுவிடுவார்.

ஃபைனல் வேண்டாம், லீக் ஆட்டம் ஒன்று போதும் என்றாலும் விசா இருக்கிறது. ஆளுக்கு 185 டாலர், எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு. ஐம்பதாயிரம் ரூபாய், கிடைக்குமா என்று தெரியாமலே கட்ட வேண்டும். முன்பெல்லாம் பழைய விசா வைத்திருந்தவர்கள் நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். 2025 செப்டம்பரிலிருந்து அந்தச் சலுகையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க ‘ஃபிஃபா பாஸ்’ என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும். அதிலும் தேதிதான் சீக்கிரம் கிடைக்கும், விசா அல்ல. இதை அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதாவது முதலில் பல ஆயிரம் டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கு, அப்புறம் ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் அதிகாலை வரிசையில் நில், அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முடிவு செய்வார்.

அந்த வரிசை எனக்குப் புதிதல்ல. தூதரகத்துக்கு எதிர்ப் பக்கம் செல்போனையும் பையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள், கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிற அப்பா அம்மாக்கள், “எத்தனை மாசம் தங்குவீங்கன்னு கேட்டா மூணுன்னு சொல்லுங்கப்பா” என்று கடைசி நிமிஷப் பயிற்சி கொடுக்கிற மகள். விசா படிவத்தில் ஐந்து வருஷச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வரி கட்டிய, ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த, பெண்ணைப் பெற்று வளர்த்த ஊருக்கு ஒரு பந்தாட்டம் பார்க்கப் போக ஃபேஸ்புக்கில் என்ன போட்டேன் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று உறுத்துகிறது. இந்த உறுத்தலை எந்தச் செலவுப் பட்டியலிலும் எழுத முடியாது. மூத்தவள் குடிமக்கள் வரிசையில் நேரே போய்விடுவாள், நாங்கள் மூவரும் பக்கத்து வரிசையில் கைரேகை வைத்துக்கொண்டிருப்போம். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை.

எங்களுக்கு இதுவாவது பரவாயில்லை. ஈரானும் ஹைதியும் ஆடத் தகுதி பெற்ற நாடுகள், ஹைதி 1974-க்குப் பிறகு இப்போதுதான். இரண்டும் அமெரிக்காவின் பயணத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு. ரசிகர்களுக்கு இல்லை. ஏற்கெனவே விசா இல்லாமல் ஊரில் இருக்கும் ஹைதிக்காரர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் தன் அணியை அங்கே நேரில் பார்க்க முடியாது.

இனி அந்த ஸ்டேடியத்தின் கதை. மெட்லைஃப் என்பது அதன் விளம்பரப் பெயர். போட்டி முடியும்வரை அதை மறைத்துவிட்டு ‘நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்’ என்பார்கள். இருப்பதோ முழுக்க நியூஜெர்சி மண்ணில். அங்கே ஆடுகிற இரண்டு அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளும் நியூயார்க் பெயரில்தான் ஆடுகின்றன, நியூஜெர்சிக்காரர்களுக்கு அது தீராத வயிற்றெரிச்சல். ஃபைனல் உட்பட 8 ஆட்டங்கள் அங்கே. வழக்கமாகப் பிளாஸ்டிக் புல், இதற்காக நிஜப் புல் போட வேண்டும் என்பது ஃபிஃபாவின் கட்டளை. நான் அங்கே இருந்தவரைக்கும் அந்த ஸ்டேடியத்துக்குள் காலடி வைத்ததில்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகும்போது ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் தெரியும், அவ்வளவுதான் உறவு.

எனக்குப் பிடித்த ஃபுட்பால் மைதானம் வேறு. நியூஜெர்சியில் எடிசன் என்கிற ஊருக்குப் பக்கத்தில், நகராட்சிப் பூங்காவில், சனிக்கிழமைக் காலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நான்காகப் பிரித்த புல்தரை. எட்டு வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டம். கோல் கீப்பர் கிடையாது. பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாப் பிள்ளைகளும் தேனீக் கூட்டமாக ஓடுவார்கள். அப்பாக்களில் ஒருவர்தான் கோச், எங்களுக்கு வாய்த்தவர் கொலம்பியாக்காரர், வார நாளில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை கொண்டுவருவதற்கு முறை வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்த அன்று என் மனைவி ஆரஞ்சோடு உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு டப்பாவில் கொண்டுபோனாள். முதலில் தயங்கியவர்கள் அடுத்த வாரம் யார் முறை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த டப்பாவைக் கேட்டார்கள். மடக்கு நாற்காலியில் ஒருவர் மெக்சிகோ, ஒருவர் போலந்து, பக்கத்தில் ஒரு குஜராத்திப் பாட்டி, எல்லோரும் சேர்ந்து, திசை தெரியாமல் ஓடுகிற என் மகளைப் பார்த்து “அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!” என்று கத்துவார்கள்.

எனக்கு அமெரிக்கா என்றால் அந்தப் புல்தரைதான். உலகக் கோப்பை அங்கே நடக்கவில்லை. பாசம் அந்த ஊரின் மேல். கோபம் அந்த அரசாங்கத்தின் விசாக் கொள்கையின் மேல். டிக்கெட் காசு போவதோ சூரிச்சில் இருக்கிற ஃபிஃபாவுக்கு. மூன்றுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு. இது பிடிபட்ட பிறகுதான் எங்களுக்கு முடிவெடுக்கவே வந்தது. பாசத்துக்காகப் போவதென்றால் அக்டோபரில் போகலாம். இலை சிவந்திருக்கும், ஹோட்டல் மலிவாக இருக்கும், அந்த கோச் வீட்டில் சாப்பிடலாம். ஆட்டத்துக்காகப் போவதென்றால் அதற்கு ஐந்தாறு லட்சம் விமானக் கட்டணம் கொடுத்து, ஜூனில் திறந்துவிட்ட பள்ளிக்கு லீவு போட்டு, கேலரியின் உச்சியில் உட்கார வேண்டிய அவசியமில்லை.

ஒரு விலக்கு. செல்லுபடியாகும் பத்து வருஷ விசிட்டர் விசா ஏற்கெனவே கையில் இருக்கிறது, தங்க அண்ணன் வீடு இருக்கிறது என்பவர்கள் தாராளமாகப் போகலாம். அவர்களும் ஃபைனலைத் துரத்த வேண்டாம். ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவில் தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் 250-வது சுதந்திர தினம், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே ஊர். மத்திய நியூஜெர்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஊரே தெருவில் நிற்கும், டிக்கெட் இல்லாவிட்டாலும் பார்ப்பதற்கு நிறைய இருக்கும்.

கனடா, மெக்சிகோ

மெக்சிகோவை ஒரே வரியில் முடித்துவிடலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பது இந்தியர்களுக்கு உள்ள வசதி, ஆனால் அந்த அமெரிக்க விசா இல்லை என்பதுதானே நம் பிரச்சினை.

கனடா கொஞ்சம் ஆசை காட்டியது. டொராண்டோவில் 6 ஆட்டங்கள், வான்கூவரில் 7. விசாக் கட்டணம் 100 கனேடிய டாலர், கைரேகைக்கு 85. கூட்டினால் அமெரிக்காவின் அதே 185, ஆனால் கனேடிய டாலர் என்பதால் நமக்குக் கொஞ்சம் மிச்சம். மூத்தவளுக்கு விசாவே வேண்டாம். டொராண்டோ என்றால் ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர் கடைகளில் கொத்து ரொட்டி, இடியப்பம், சொதி. தங்கவும் ஆள் இருக்கிறார்கள். கால் இறுதியிலிருந்து எல்லாமே அமெரிக்காவில்தான் என்பதால் கனடாவில் பெரிய ஆட்டம் எதுவும் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை: “நமக்கு மனசு கிடந்து அடிச்சுக்கிறது நியூஜெர்சிக்காக. டொராண்டோவுக்குப் போய் என்ன பண்ணப் போறோம்?” அக்கம்பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு இத்தனை செலவா என்று அதையும் விட்டோம். மனக்குழப்பம் எதுவும் இல்லாத, வெறும் ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஐந்தில் மிகச் சிறந்தது கனடாதான் என்று அடித்துச் சொல்வேன்.

வீட்டு டிவி

சென்னையில் இதன் ஒரே விலை தூக்கம். அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே நடுப்பகல் ஆட்டம் நமக்கு இரவு 9.30. அது சொர்க்கம், ஆனால் குறைவு. பிற்பகல் மூன்று மணி ஆட்டம் நள்ளிரவு 12.30. மாலை ஆறு என்றால் அதிகாலை 3.30. இரவு ஒன்பது என்றால் காலை 6.30, பள்ளி வேனுக்கு நேரம்.

தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் முதல் ஆட்டம் பராகுவேயோடு லாஸ் ஏஞ்சலஸில், நமக்கு ஜூன் 13 சனிக்கிழமை காலை 6.30. காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டாவது ஆஸ்திரேலியாவோடு சியாட்டிலில், வெள்ளி இரவு தாண்டி 12.30. மூன்றாவது ஜூன் 26 வெள்ளி காலை 7.30, அதாவது சின்னவன் ஷூ லேஸ் கட்டுகிற நேரம். அங்கேதான் சண்டை வரும். எங்கள் பழைய ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம் பிரேசில் – மொராக்கோ, ஜூன் 14 ஞாயிறு அதிகாலை 3.30. முடியும்போது ஆவின் வண்டி வந்துவிடும், பாலை வாங்கி வைத்துவிட்டுப் படுக்கலாம். அரை இறுதி இரண்டும் நள்ளிரவு 12.30. ஃபைனல் ஞாயிறு இரவு தாண்டித் திங்கள் 12.30. அன்று ஆபீஸில் தென் சென்னையில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி என்று இப்போதே சொல்லிவிடலாம்.

இரவு விழிப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க 3 நிமிஷ இடைவேளை விடப்போகிறார்கள், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டீ போட அது போதும். இரண்டு, கோடையில் அங்கே பிற்பகலில் இடி மின்னல் சகஜம். மைதானத்துக்கு அருகில் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை அரை மணி நேரம் நிறுத்திவிடுவார்கள், மறுபடி விழுந்தால் அந்த அரை மணி நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி – பென்ஃபிகா ஆட்டம் இப்படி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றது. 12.30 ஆட்டம் 2.30-க்கு முடிந்துவிடும் என்று நம்பி அலாரம் வைக்காதீர்கள்.

வீட்டில் பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கேமரா ஊரைச் சுற்றிக் காட்டும்போது “அந்த எக்ஸிட்ல இறங்கினா நம்ம தோசைக்கடை” என்று சொல்லலாம், கேட்பதற்கு ஆள் இருக்கும். பழக்கமான இடம் திரையில் வரும்போது மனைவி சட்டென்று பேச்சை நிறுத்துவாள். பொது இடத்தில் பார்த்தால் அது எனக்குத் தெரியப்போவதில்லை. 1994-ல் இதே அமெரிக்காவில் நடந்த ஃபைனலை, இத்தாலியின் பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்ததை, பள்ளிக்கூடப் பையனாகப் பக்கத்து வீட்டு டிவியில் நடுராத்திரி பார்த்தேன். அப்போது அந்த ஆட்டம் நடந்த பாசடீனா என்பது எனக்கு வெறும் ஒரு பெயர், எந்தச் சிக்கலும் இல்லை.

ஊரோடு சேர்ந்து

சென்னையில் ஃபுட்பால் என்றால் வடசென்னைதான், அதில் மறுபேச்சில்லை. வியாசர்பாடியில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கப் பழகுகிறார்கள். உலகக் கோப்பை வந்தால் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் சந்துக்குச் சந்து ஏறும். தெருமுனையில் திரை கட்டிவிடுவார்கள். தெற்கே ஓ.எம்.ஆர். பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃப் மைதானங்களில் புரொஜெக்டர் போட்டு, பிரியாணியோடு சேர்த்துக் கட்டணம் வாங்குவார்கள். இரண்டில் எது என்றால் எனக்குக் கேள்வியே இல்லை. டர்ஃபில் கூட்டம் ரீல்ஸ் எடுக்கும். வடசென்னையில் ஆஃப்சைடு கொடுத்தாலோ கொடுக்காவிட்டாலோ விளக்கம் சொல்ல ஒரு அறுபது வயதுக்காரர் இருப்பார், பழைய டிவிஷன் ஆட்டக்காரர்.

அங்கே யாரும் அமெரிக்கக் கொடி ஏற்றப்போவதில்லை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்தக் கூட்டத்தில் அமெரிக்கா என்பது 48-ல் ஒரு சுமாரான அணி, அவ்வளவுதான். விசா, கிரீன் கார்டு, ‘ஏன் திரும்பி வந்தீங்க’ எதுவும் எழாது. பிரேசில் – மொராக்கோ ஆட்டத்தை அங்கே போய்ப் பார்ப்பது என்று அந்த ஒரு ராத்திரியை ஒதுக்கிவிட்டோம். மொராக்கோ 2022-ல் அரை இறுதிவரை போன முதல் ஆப்பிரிக்க அணி. பிரேசில் கொடிகளுக்கு நடுவில் மொராக்கோவுக்குக் கத்துகிற நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள், நானும் அதில் சேர்ந்துகொள்வதாக உத்தேசம்.

பார்க்காமல் இருப்பது

குழுவில் ஒரு நண்பர் இதைத்தான் பிடிவாதமாகச் சொல்கிறார். நமக்கு வாசலை மூடுகிறவன் வீட்டு விசேஷத்தை நாம் ஏன் வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அவர் அண்ணன் பையனின் வேலை அந்த 1,00,000 டாலர் கட்டணத்தால் கைநழுவியது, அவர் பேசுவதற்கு உரிமை இருக்கிறது.

எனக்கு எங்கள் அபார்ட்மெண்ட் பிளம்பர் ஞாபகம் வந்தார். அவர் தோஹாவில் இருந்துவிட்டு வந்தவர். 2022-ல் அர்ஜென்டினா – பிரான்ஸ் ஃபைனல் நடந்த லுசைல் ஸ்டேடியத்தை, கிட்டத்தட்ட 89,000 பேர் உட்காரும் அந்தத் தங்க நிறக் கிண்ணத்தை, செக்யூரிட்டி அறை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். “அந்த ரோட்டுக்குக் கீழ பைப் போட்டது நாங்க சார்” என்றார். கம்பெனி எப்படி என்று கேட்டேன். “மூணு மாசச் சம்பளம் இன்னும் பாக்கி. போன் எடுக்க மாட்டேங்கிறான்.” பிறகு ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எக்ஸ்ட்ரா டைமில் பிரான்ஸின் எம்பாப்பே கோல் போட்டுச் சமன் செய்தபோது அவர்தான் முதலில் எழுந்து நின்றார். என்னைவிடப் பல மடங்கு காரணம் இருந்தவர் பார்த்தார். பார்ப்பதால் அவருடைய பாக்கி ரத்தாகிவிடவில்லை, பார்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்கப்போவதும் இல்லை. நண்பரின் முடிவை மதிக்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்காமல் இருப்பது என்கிற புறக்கணிப்பே எனக்குப் போதுமென்று தோன்றுகிறது.

யாருக்குக் கைதட்டுவது

எங்கே பார்த்தாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும். 2024-ல் டி20 உலகக் கோப்பை நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், தற்காலிகமாகக் கட்டிய ஸ்டேடியத்தில் நடந்தது. இந்தியா – அமெரிக்கா ஆட்டத்தில் பகலில் ஆரக்கிள் பொறியாளராக வேலை பார்க்கிற சௌரப் நேத்ராவல்கர், கோலியை முதல் பந்திலேயே வெளியேற்றினார், ரோகித்தையும் சேர்த்து. எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விநோதமான அமைதி. மும்பையில் பிறந்து, இந்தியாவுக்கு ஜூனியர் உலகக் கோப்பை ஆடி, சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவர் கோலியின் விக்கெட்டை எடுத்தால் சிரிப்பதா அழுவதா? கடைசியில் இந்தியா ஏழு விக்கெட்டில் ஜெயித்தது, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் படுத்தோம்.

ஃபுட்பாலில் இந்தியா இல்லை என்பதால் அந்த இக்கட்டு கிடையாது. மூத்தவள் நேரடியாகக் கேட்டாள்: “அப்பா, நான் அமெரிக்காவுக்குச் சப்போர்ட் பண்ணா நீங்க கோச்சுக்குவீங்களா?” கோபம் என்னவோ உண்மைதான், ஆனால் அந்த அணியின் மேல் இல்லை என்றேன். ஃபோலரின் பலோகன் யார் என்று காட்டினேன். நியூயார்க்கில் பிறந்து, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே லண்டனுக்குப் போய் வளர்ந்த, நைஜீரியப் பெற்றோரின் மகன். இங்கிலாந்துக்கும் நைஜீரியாவுக்கும்கூட ஆடியிருக்கலாம், 2023-ல் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். அந்த நாட்டு மண்ணில் பிறந்தான் என்ற ஒரே காரணத்தால் குடிமகனானவன் இன்று அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு. அதே காரணத்தால் பாஸ்போர்ட் பெற்ற என் மகள் அவன் கோல் போட்டால் கத்துவதை நான் ஏன் தடுக்க வேண்டும்? நானும் கத்துவேன், கொஞ்சம் மெதுவாக.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். அமெரிக்கா ஆடுகிற மூன்றும் வீட்டில். பிரேசில் – மொராக்கோ வியாசர்பாடியில். நடுவில் வருகிற அதிகாலை ஆட்டங்களுக்கு மறுநாள் ஹைலைட்ஸ். நாக் அவுட்டில் எது வந்தாலும் சனி ஞாயிறு மட்டும். ஃபைனல், திங்கள் லீவோடு. ஜூன் 26 காலை 7.30 ஆட்டத்துக்குச் சின்னவனைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதில் மனைவிக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் குழுவில் போட்டிருக்கிறேன்: சனிக்கிழமை காலையில் நேரமிருந்தால் எடிசன் பூங்காவில் அந்த கொலம்பியாக்காரர் இன்னும் கோச்சாக இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள். இதற்கிடையில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் 2028 ஜூலை 14-ல் தொடங்குகிறது, அதில் கிரிக்கெட்டும் உண்டு, அதற்கு இப்போதே விசா போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் மளமளவென்று பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன.